விதியா, கவனயீனமா?

கழுத்து நில்லாது, வாய் பேசாது, பத்து வயதிலும் தாயின் இடுப்பிலேயே வாழும் பிள்ளைகளை நம்முடைய ஊர்களில் காணாதார் இல்லை. அப்பிள்ளையைக் கண்டதும் நாம் சொல்லுவது ஒரே சொல்: விதி. தாய் முற்பிறப்பிற் செய்த வினை என்பார் ஒருவர். கிரகதோஷம் என்பார் இன்னொருவர். சொந்தத்துக்குள்ளே செய்த கலியாணத்தின் பலன் என்று மூன்றாமவர் தீர்ப்பே எழுதிவிடுவார். அப்பிள்ளை பிறந்த இரவில் பிரசவ அறையில் என்ன நடந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றே. அதைக் கேட்கும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. அவ்வுரிமை தமிழ்க் குடிமக்களின் கைக்கு எட்டாதவாறு பார்த்துக்கொள்வோர் கொழும்பில் மட்டும் இல்லை, நம் நடுவிலேயே இருக்கிறார்கள் என்பதையே இவ்வாரம் எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மூளைவாதத்தோடு வாழும் ஒவ்வொரு பிள்ளையும் வைத்தியசாலையின் குற்றத்தால் அந்நிலை அடைந்தது என்று கூறுவோர் வைத்தியமும் அறியார், நியாயமும் அறியார். குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்திலே தாயைப் பற்றிய தொற்று, கருவிலேயே நேர்ந்த மூளைக் குறைபாடு முதலியனவே பெரும்பான்மைக்குக் காரணம் என்பது மருத்துவ உலகம் ஒப்பிய முடிவு. ஆயின் எஞ்சிய பங்கு ஒன்று இருக்கிறதே! பிரசவம் தடைப்பட்டு மணிக்கணக்காகக் கிடக்க, குழந்தைக்குப் பிராணவாயு குறைய, அதன் இதயத் துடிப்புத் தளர்ந்து தளர்ந்து ஆபத்தை அறிவிக்க, அவ்வறிவிப்பைக் கேட்பாரின்றி விடிவது விதியாமோ? நோவை விரைவுபடுத்த ஏற்றும் மருந்து அளவு கடந்து போவதும், தோள் சிக்கிய குழந்தையைத் தலையிற் பிடித்து இழுத்துக் கைநரம்பைச் சிதைப்பதும், மஞ்சட்காமாலை ஏறிக்கொண்டிருக்கும் சிசுவை நீல விளக்கின் கீழ் வையாது வீட்டுக்கு அனுப்புவதும் எந்தக் கிரகத்தின் வேலை? கடும் நோவுக் காலத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவையும், தாய் முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவையும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை. இதற்குக் கோடி ரூபா இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு குழலும், ஒரு மணிக்கூடும், விழித்திருக்கும் ஒரு மருத்துவமாதும் போதும்.

அண்மையில் நம்மிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுவோம். தகப்பன் இரணைமடுத் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கரில் நெல் விதைக்கும் கமக்காரர். முதற் பிள்ளை. மாலையில் வைத்தியசாலைக்குப் போன மனைவிக்கு நடுச்சாமத்தில் நோவு கடுமையாயிற்று. கூப்பிட்டாள். "முதற் பிள்ளை இப்படித்தான், சத்தம் போடாதே" என்று பதில் வந்தது. விடியற்காலையிற் கடமைக்கு வந்த டாக்டர் அவளைப் பார்த்த மாத்திரத்தில் சத்திரசிகிச்சைக்கு ஓடவேண்டியதாயிற்று. குழந்தை அழவில்லை. அன்றிரவே வலிப்புக் கண்டது. மூன்று வாரத்தின் பின் பிள்ளையைக் கையில் கொடுத்தபோது, "கருவிலேயே குறை" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் நம்பினார்கள். மாங்கல்யம் தவிர்ந்த நகையெல்லாம் வங்கியில் அடைவு போயிற்று, எண்ணெய் தேய்த்தார்கள், நேர்த்தி வைத்தார்கள், உடற்பயிற்சிச் சிகிச்சைக்காகக் கிழமைதோறும் பஸ் ஏறினார்கள். நம்மிடம் அவர்கள் வந்தபோது பிள்ளைக்கு மூன்று வயதும் நான்கு மாதமும்.

கொண்டுவந்த பிளாஸ்ரிக் பையில் வைத்தியசாலை கொடுத்த அட்டை இருந்தது. பிறந்த குழந்தையின் நிலையை முதலாம் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் பத்துக்கு இத்தனை என்று மதித்து எழுதும் புள்ளிகள் அதில் இருந்தன: 2, 4. அடுத்த வரியில் ஆங்கிலத்தில், பிறப்பின்போது மூச்சுத் திணறியதால் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு என்று டாக்டரின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது! வாயாற் சொன்னது ஒன்று, கையால் எழுதியது இன்னொன்று. மூன்று வருடமாகத் தங்கள் கூரையின் கீழ் இருந்த அந்த ஒற்றை வரியை வாசிக்க அந்தப் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது. வாசித்துச் சொல்லக்கூடிய படித்தவர்கள் அதே ஊரில் இருந்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை.

அந்த ஒரு வரியால் வழக்கு வென்றுவிடும் என்று நாம் கூறவில்லை. மூச்சுத் திணறல் ஏன் வந்தது, எப்போது வந்தது, தடுத்திருக்கலாமா என்பன அதன் பின்னர் எழும் கேள்விகள். ஆனால் அந்த வரி, கேள்வியைக் கேட்பதற்குப் போதிய ஆதாரம். அதை அவர்கள் உரிய காலத்தில் அறியாது போனார்கள் என்பதே இங்கு குறை.

சட்டம் என்ன சொல்லுகிறது? இந்நாட்டின் தீங்கியல் வழக்குகளை ஆள்வது உரோம-டச்சுச் சட்டம். கருவிலிருக்கும் குழவி, தன் நன்மைக்கு வேண்டிய இடங்களிலெல்லாம் பிறந்த குழவியாகவே கொள்ளப்படும் என்பது அச்சட்டத்தின் பழங்கோட்பாடு. இதே சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில், 1963ஆம் ஆண்டின் பின்சின் எதிர் சன்ராம் என்னும் வழக்கில், தாய் கர்ப்பமாயிருக்கையில் நேர்ந்த வாகன விபத்தால் தன் பிள்ளை மூளைவாதத்தோடு பிறந்தது என்று தகப்பன் முறையிட்டார். கருவில் நேர்ந்த கேட்டுக்குப் பிள்ளை பிறந்த பின் வழக்கிடலாம் என்று நீதிமன்றம் கோட்பாட்டை ஏற்றது. அந்த விபத்துத்தான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியது. இன்று அந்நாட்டின் ஏழைத் தாய்மார் மாகாண சுகாதாரத் திணைக்களங்களை இத்தகைய பிரசவக் கேடுகளுக்காகவே நீதிமன்றுக்கு இழுத்து, மில்லியன் கணக்கான ராண்ட் பெறுகிறார்கள். 2017இல் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கிலே, பொறுப்பு உண்டா இல்லையா என்பது கேள்வியே அன்று; நட்டஈட்டை முழுவதும் பணமாக ஒரே முறையிற் கொடுப்பதா, வேறு வகையிலும் கொடுக்கலாமா என்பதே கேள்வி. சட்டத்தின் வேர் அங்கும் இங்கும் ஒன்றே. அங்கே காய்க்கிறது, இங்கே காய்க்கவில்லை.

அரசாங்க வைத்தியசாலைமேல் வழக்கிட முடியாது என்று நம்மவரிற் படித்தவர்களே இன்னும் சொல்லக் கேட்கிறோம். அது முடிக்குரியாரின் காலத்துக் கதை. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசின் ஊழியர் தம் கடமையிற் செய்யும் தீங்குக்கு அரசையே பொறுப்பாளியாக்கிற்று. எதிராளி சட்டமா அதிபர். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அவ்வளவே. பிள்ளை இளவர் ஆகையால் தாயோ தகப்பனோ "அடுத்த நண்பர்" என்ற நிலையில் நின்று அதன் சார்பில் வழக்கிடலாம். பிள்ளையின் நோவுக்கும் இழந்த வாழ்வுக்கும் வருங்காலச் சம்பாத்தியத்துக்கும் பிள்ளையே வழக்காளி. சிகிச்சைக்குச் செலவிட்டதற்குப் பெற்றோர் வழக்காளிகள்.

ஆனால் காலம்! 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இரண்டே ஆண்டு தருகிறது. இளவருக்கு அக்காலம் ஓடாது என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை எதிர்ப்பதற்கும் சட்டமா அதிபரிடம் ஆட்கள் உண்டு. ஆகையால் அதை நம்பிக் காத்திருப்பது, அணை உடையாது என்று நம்பி வாய்க்காலுக்குள் படுப்பதற்குச் சமம். பெற்றோரின் சொந்தக் கோரிக்கைக்கோ அந்தத் தஞ்சமும் இல்லை. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை வழக்கிட விரும்பினால் ஒரே மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. பிரசவித்த தாய் துடக்குக் கழித்து எழும்புமுன் அந்த மாதம் போய்விடும். பிள்ளை இருக்கவில்லை, நடக்கவில்லை என்று பெற்றோர் அறிந்துகொள்வதற்கே ஓராண்டு செல்லும். இச்சட்டங்களை இயற்றியவர்கள் பிள்ளை வளர்த்தவர்களாயிருக்க முடியாது.

இனிக் கடதாசிக்கு வருவோம். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. பிரசவத்தின் போக்கை மணிக்கு மணி குறிக்கும் வரைபடம், இதயத் துடிப்புப் பதிந்த தாள், கட்டிலோடு தொங்கும் குறிப்பேடு, சிசுப் பராமரிப்புப் பிரிவின் ஏடு ஆகியவற்றைப் பார்க்காமல் எந்த நிபுணரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கேட்டால் "கொடுக்க முடியாது" என்பதே வாயிற்படியில் வரும் விடை. இது பொய். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் ஒருவரின் மருத்துவப் பதிவுகளைப் பிறருக்கு மறைக்கிறதேயன்றி, அவர் எழுத்திற் சம்மதித்தால் மறைக்கவில்லை. தாய் தன் கையெழுத்தோடு தன்னுடையவற்றையும் தன் குழந்தையுடையவற்றையும் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம், பதினான்கு வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி முடிவு கூற வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழுவும் உண்டு. கேட்ட திகதியும் மறுத்த திகதியும் எழுத்தில் இருந்தால், காணாமற்போன ஏடுகூடப் பின்னர் நீதிமன்றத்திற் பேசும்.

கிடைத்த ஏடு ஆங்கிலத்தில் இருக்கும். 1956இலிருந்து இந்நாட்டுத் தமிழர் மொழிக்காகப் பட்டபாடு உலகறிந்தது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியென்றும் நீதிமன்ற மொழியென்றும் எழுதிவைத்தது. ஆனால் தன் வயிற்றில் நடந்ததைத் தமிழில் அறியத் தமிழ்த் தாய்க்கு இன்றும் வழியில்லை. மலையகத்துத் தாயின் நிலையோ இதனினும் கேடு. தன் நோவையே தமிழ் தெரியாத தாதியிடம் சைகையாற் சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. மானிப்பாயில் இருந்த அமெரிக்கப் பாதிரி-வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மவருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். அவர் தமிழில் ஆக்கிய நூல்களுள் பிரசவ வைத்தியமும் ஒன்று. வெள்ளைக்காரர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுக்கு முன் தமிழில் எழுதிய சாத்திரத்தை, தமிழ்த் தாய் பெற்ற டாக்டர் இன்று தமிழ்த் தாய்க்குத் தமிழில் விளக்க மறுக்கிறார்!

தாய்க்கு விளக்குவது தயவு அன்று, கடமை என்று ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2015இல் மொண்ட்கோமரி வழக்கில் தீர்த்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த, நீரிழிவுடைய, சிறிய உடலினரான அந்தத் தாய்க்குக் குழந்தையின் தோள் சிக்கும் ஆபத்து நூற்றுக்கு ஒன்பது பத்து அளவில் இருந்தது. சொன்னால் சத்திரசிகிச்சை கேட்பாள் என்று டாக்டர் சொல்லாமல் விட்டார். 1999இற் பிறந்த அப்பிள்ளை மூளைவாதத்தோடு வாழ்கிறது. கீழுள்ள இரண்டு நீதிமன்றங்களிலும் தோற்ற தாய், மூன்றாவதில் வென்று 52 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் பெற்றார். பதினாறு ஆண்டு!

நமது நாட்டிலோ இத்துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது பேராசிரியர் பிரியாணி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கு. பிரசவ வழக்கன்று, மூளையிற் கட்டி வந்து 1992இல் இறந்த நான்கு வயதுச் சிறுமி பற்றியது. மாவட்ட நீதிமன்றம் தகப்பனுக்கு 50 இலட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாக்கிற்று. 2001இல் உயர் நீதிமன்றம் அதனையும் இல்லாமற் செய்தது: வைத்தியரின் செயலே மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை; பிள்ளை இறந்த துக்கத்துக்கு உரோம-டச்சுச் சட்டத்திற் பணமும் இல்லை. தகப்பன் தாமே சட்டத்தரணி. அவருக்கே அந்தக் கதி என்றால் கமக்காரனுக்கு என்ன நியாயம் என்று கேட்டுச் சட்டத்தரணிகள் கோப்பை மூடிவிடுகிறார்கள். வாசித்தது பாதி என்போம். உயிரோடிருக்கும் பிள்ளைக்குத் தன் நோவுக்கும் ஊனத்துக்கும் உரிய கோரிக்கை தனியானது. அது துக்கத்துக்குக் கேட்கும் பணமன்று. அவ்வழக்கு நமக்குக் கற்பிக்கும் பாடம் காரணகாரியத்தை நிரூபிக்க வேண்டும் என்பது. நிரூபிக்க நிபுணர் வேண்டும். இங்கேதான் நம்முடைய வெட்கம் வெளிப்படுகிறது.

ஒரு டாக்டரின் தவற்றைப்பற்றிச் சாட்சி சொல்ல இன்னொரு டாக்டர் முன்வருவதில்லை. தனியே பேசினால், "மிகப் பெரிய கவனயீனம்தான்" என்பார்; எழுத்திற் கேட்டால், "நாளைக்கு அவரோடு அதே விடுதியில் வேலை செய்ய வேண்டுமே" என்பார். சங்கம் வைத்துத் தம் சம்பளத்துக்காக நாடு முழுவதையும் நிறுத்தத் தெரிந்த தொழிலினருக்கு, ஒரு பிள்ளைக்காக ஒரு பக்கம் எழுதத் தைரியம் இல்லை. நம்முடைய சொந்தத் தொழிலினரையும் விடோம். கதியால் அரை அடி தள்ளி நட்டான் என்று வேலி வழக்கைப் பேரன் காலம்வரை நடத்தித்தரும் சட்டத்தரணிகள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வந்தால், "வைத்தியசாலையோடு கொழுவாதேயுங்கோ அம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். சிலருக்குத் தம்பி டாக்டர், சிலருக்கு மருமகன் டாக்டர். காணியை அளந்து காப்பதற்கு இருக்கும் வைராக்கியம், அக்காணியை ஆளப் பிறந்த பிள்ளைக்கு இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும்; அதைப் புறந்தள்ள மாட்டோம். போர்க்காலத்திலே வன்னியில் ஷெல் விழும் கொட்டில்களில் நின்று உயிர் காத்தவர்கள் நம் டாக்டர்களும் தாதியரும். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் டாக்டர்கள் கூட்டங்கூட்டமாக வெளிநாடு போனார்கள். இருப்பவர்கள் மீதும் வழக்குப் போட்டால் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் எவர் வருவார்? நியாயமான கேள்வி. ஆனால் வழக்கு டாக்டரின் சட்டைப்பையை நோக்கியதன்று, பொறுப்பாளி அரசு. ஒரு மருத்துவமாது ஐந்து தாய்மாரைத் தனியே பார்த்த இரவுக்குக் காரணம் அந்த மருத்துவமாது அல்லள். ஆளை நியமிக்காத அமைச்சு. அந்த உண்மையைச் சத்தியத்தின் பேரில் பதியச் செய்யும் இடம் நீதிமன்றம் ஒன்றே. டாக்டர்கள் அறிவுடையோராயின் அந்த வழக்கைத் தங்களுக்கு உதவியாகக் கொள்வார்கள். 2024 ஜூலையில் சாவகச்சேரியில் வைத்தியசாலை முன் மக்கள் திரண்டார்கள். முகநூலில் நாளுக்கொரு தீர்ப்பு வழங்கப்பட்டது. திரண்டவர்களிலும் தீர்ப்பளித்தவர்களிலும் எத்தனை பேர் தம் வீட்டு அட்டையை எடுத்துச் சட்ட உதவி ஆணைக்குழுவின் படியேறினார்கள்? 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்த ஆணைக்குழு ஏழைக்கு இலவசமாக உதவவே இருக்கிறது. மருத்துவச் சபைக்குச் சத்தியக் கடதாசியோடு முறையிடவும் செய்யலாம். ஆனால் அச்சபை டாக்டரின் பதிவைப்பற்றித் தீர்ப்பதே அன்றிப் பிள்ளைக்கு ஒரு சதம் கொடுப்பதில்லை.

வழக்குத்தான் ஒரே வழி என்றும் நாம் நினைக்கவில்லை. யப்பான் 2009இல் வேறொரு வழி கண்டது. பிரசவத்தோடு தொடர்புற்றுக் கடும் மூளைவாதம் அடைந்த பிள்ளைக்கு, எவரது குற்றம் என்று கேளாமலே, முதலில் ஒரு தொகையும் பின்னர் இருபது ஆண்டுக்கு வருடந்தோறும் ஒரு தொகையுமாக மொத்தம் 3 கோடி யென் கொடுக்கிறார்கள். அதனினும் மேலானது, ஒவ்வொரு பிள்ளையின் பிரசவத்தையும் நிபுணர் குழு ஆராய்ந்து அறிக்கையைப் பெற்றோர் கையிலேயே கொடுப்பது. இலங்கைக்கு இது புதிதுமன்று. தாய் இறந்தால் அம்மரணம் ஒவ்வொன்றையும் ஏன், எவ்வாறு என்று ஆராயும் முறை இந்நாட்டில் பல்லாண்டாக உண்டு. தாய் மரணத்தைக் குறைத்ததில் அதற்குப் பங்குண்டு என்று உலகமே பாராட்டுகிறது. தாய் இறந்தால் ஆராய்வதை, பிள்ளை நொந்தால் ஏன் ஆராய்வதில்லை? இறந்தவர் கணக்கில் வருகிறார். நொந்தவர் வீட்டுக்குள் மறைகிறார் என்பதாலா?

வடமாகாண சபை 2018 ஒக்டோபரிற் பதவிக்காலம் முடிந்து ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்ததால், சுகாதாரம் மாகாணத்தின் விடயம் என்று 13ஆம் திருத்தம் எழுதியும் இதைக் கேட்க அங்கே ஒரு வாய் இருக்கவில்லை. பாராளுமன்றத்தில் நம் அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சின் செலவினம் குழுநிலை விவாதத்துக்கு வரும் நாளில் அவர்கள் எழுந்து கேட்கட்டும்: பிறப்பில் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் கடந்த ஐந்தாண்டில் வடக்குக் கிழக்கு மலையக வைத்தியசாலைகளில் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேரின் பிரசவம் ஆராயப்பட்டது? எத்தனை பெற்றோருக்கு ஆராய்ச்சியின் முடிவு எழுத்தில், தமிழில் கொடுக்கப்பட்டது? நள்ளிரவில் ஒரு மருத்துவமாதுக்கு எத்தனை தாய்மார்? அமைச்சர் கூறும் விடையை எழுத்துக்கு எழுத்து இப்பத்திரிகையில் வெளியிடுவோம். அதற்கிடையில் இரண்டு வயது நிறையாத பிள்ளையை வைத்திருப்போர், பிளாஸ்ரிக் பையில் உள்ள அட்டையை இன்றே எடுத்து, ஆங்கிலம் தெரிந்த எவரிடமாவது கொடுத்து, ஐந்தாம் நிமிடப் புள்ளி என்னவென்று வாசிப்பிக்கட்டும்.